மாற்றுப் பொருளியல்: பன்மை பேசும் துறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்க்சியம், பிரிட்டிஷ் பொருளியலாளர் கெயின்சின் வழிவந்த பின்-கெயின்சியம், சூழலியல் பொருளியல் என்று மைய நீரோட்டத்துக்கு வெளியே நிற்கும் பல மரபுகள் கூடும் இடம் மாற்றுப் பொருளியல். கருத்தில் பன்மை இருப்பதால் ஆட்களிலும் பன்மை தானாக வந்துவிடும் என்று நம்புவதுதான் இங்கே ஆகப் பெரிய தவறு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கெயின்சின் வட்டத்தைச் சேர்ந்த ஜோன் ராபின்சன் தம் முதல் பெரிய நூலை வெளியிட்டது 1933இல். கேம்பிரிட்ஜ் அவரைப் பேராசிரியராக்கியது 1965இல். பெண்ணியப் பொருளியலாளர்கள் 1992இல் தங்களுக்கென்று தனியாகப் பன்னாட்டுச் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது.

அடுத்தது பாடத்திட்டம். பெண்களும் தலித்துகளும் கறுப்பினத்தவரும் எழுதியவற்றைச் 'சிறப்புத் தலைப்பு' என்று கடைசி வாரத்தில் வைக்காதீர்கள். பருவ முடிவில் பாடம் பின்தங்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த வாரம்தான். தேர்விலும் அதிலிருந்து கேள்வி வராது. மையத் தலைப்புகளுக்குள்ளேயே அவற்றைக் கொண்டுவாருங்கள். பணம் பற்றிய வாரத்தில், இந்திய நாணயம் குறித்த கெயின்சின் 1913 நூலுக்குப் பக்கத்தில் அம்பேத்கரின் 1923 ரூபாய் நூலை வையுங்கள். தங்கப் பரிமாற்றத் திட்டத்தை, அதாவது உள்நாட்டில் தங்க நாணயம் புழங்காமல் ரூபாயின் மதிப்பை வெளிநாட்டுப் பணம் வழியாகத் தங்கத்தோடு இணைக்கும் முறையை, கெயின்ஸ் ஆதரித்தார். நாணயம் வெளியிடும் அரசின் கையை அது கட்டாது, ரூபாயின் வாங்கும் திறன் நிலைக்காது என்று அம்பேத்கர் எதிர்த்தார். இது நேருக்கு நேரான விவாதம், மாணவர்கள் இதைப் படிக்காமல் விடமாட்டார்கள். சாதி பற்றிய வாரத்தில் மட்டும் அவரைப் படித்தால் அம்பேத்கர் என்ற பொருளியலாளர் காணாமல் போகிறார். அப்படியே கூலி வாரத்தில் ஊதியமில்லா வீட்டு உழைப்பும், வாணிப வாரத்தில் அர்ஜென்டினப் பொருளியலாளர் பிரெபிஷும் எகிப்தில் பிறந்த சமீர் அமீனும் வரட்டும்.

மாநாடுகளில் தவறு பெரும்பாலும் நாட்காட்டியிலும் பணத்திலும் நடக்கிறது. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு முடிவு வர வழக்கமாக 15 நாள். 45 நாள் வரை நீளலாம். நேர்காணல் நாள் கிடைப்பது தனிக் காத்திருப்பு. ஆகவே அழைப்புக் கடிதம் 4 மாதம் முன்பே கையில் இருக்க வேண்டும். 'செலவைப் பிறகு தருகிறோம்' என்பது சேமிப்பில்லாத ஆய்வு மாணவரை வாசலிலேயே நிறுத்திவிடும். பயணச்சீட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள். இணைய அமர்வென்றால் நேர வேறுபாட்டைப் பாருங்கள்: கோடையில் லண்டன் மாலை 4 மணி சென்னைக்கு இரவு 8.30.

பெண்ணைப் பாலின அமர்வுக்கு மட்டும் அழைப்பதும், அமர்வுத் தலைமையைக் கொடுத்துவிட்டுக் கணக்குக் காட்டுவதும் கூடாது. தலைமை தாங்குபவர் நேரம் பார்க்கிறார், தம் ஆய்வைச் சொல்வதில்லை.

பேசியவர் பட்டியலோடு, அழைத்தும் வர முடியாதவர் யார், ஏன் என்பதையும் எழுதி வையுங்கள். விசாவா, பணமா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா என்று பிரிந்து தெரிந்தால்தான் அடுத்த ஆண்டு நிதியை எதில் போடுவது என்று முடிவு செய்ய முடியும்.