நெடுந்தூர ஓட்டத்துக்கு முந்தின இரவு குதிரைக்கு என்ன கொடுப்பது

முந்தின இரவு தானியத்தை அள்ளிப் போட்டால் மறுநாள் தெம்பாக ஓடும் என்ற கணக்கு குதிரைக்குப் பொருந்தாது. 80, 160 கிலோமீட்டர் ஓட்டத்தில் கைகொடுப்பது புல்தான். பெருங்குடலில் ஊறிக் கிடக்கும் நார், தண்ணீரையும் உப்புகளையும் பிடித்து வைத்திருக்கும். வியர்வையில் போவதை உடம்பு அங்கிருந்து ஈடுகட்டிக்கொள்ளும்.

450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் வேண்டும். இரவு முழுக்க வாய்க்கு எட்டும்படி இருக்கட்டும். விடியும்போது புல் வலை வெறுமையாகத் தொங்கினால் போட்டது போதவில்லை. வழக்கமாகத் தின்னும் அதே புல்லையே கொண்டுபோங்கள். புதுத் தீவனத்துக்குக் குடல் நுண்ணுயிர்கள் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ‘ஒருநாள்தானே’ என்று தவிட்டுக் கஞ்சி ஊற்றுவது பாசம்தான். பழகாத குடலுக்கு அதுவே வயிற்றுவலி. கால்சியம் மிகுந்த தீவனப் பயிரான குதிரை மசால் (லூசர்ன்) கொஞ்சம் கலக்கலாம். வாரக்கணக்கில் அதையே மிகுதியாகப் போட்டால் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் வேகம் மந்தமாகி, ஓட்டத்தில் இதயத் துடிப்புக்கு ஏற்ப விலா துள்ளத் தொடங்கலாம்.

தானியம் ஒரு வேளைக்கு 2 கிலோவுக்குள். கிளம்புவதற்கு 4 மணி நேரம் முன்பே அது முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்சுலின் ஏறி, கொழுப்பு எரிவது மட்டுப்பட்டு, தசையில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். விடியற்காலை ஓட்டம் என்றால் நள்ளிரவில் எழுந்து தானியம் வைக்க வேண்டாம், மாலையே முடித்துவிடுங்கள். புல்லுக்கு இந்தத் தடை இல்லை, ஏறும்வரை தின்னலாம்.

அறியாத தண்ணீரை முகர்ந்துவிட்டு முகம் திருப்பும் குதிரைகள் உண்டு. அவற்றுக்குச் சர்க்கரை பீட் கிழங்கின் உலர்ந்த சக்கையை ஊறவைத்துக் கொடுப்பது நல்ல வழி, முன்பே பழக்கியிருந்தால்: சக்கை 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு, சில மணி நேர ஊறல். வெக்கையில் சீக்கிரம் புளிக்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். வியர்வையில் போகும் உப்புகளின் கலவையான எலக்ட்ரோலைட்டை ஒரு வாளியில் மட்டும் கலந்து, பக்கத்தில் வெறும் தண்ணீரும் வையுங்கள். தண்ணீரே குடிக்காத குதிரைக்கு அதைப் பசையாக வாயில் பீய்ச்சினால், உடம்பிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்து வறட்சியைக் கூட்டும்.

வலை காலியாகக் காலியாகக் கீழே தொங்கும், குளம்பு மாட்டிக்கொள்ளும். காலியானாலும் முன்னங்கால் எட்டாத உயரத்தில் கட்டுங்கள். படுக்கப் போகுமுன் வாளியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவிட்டு, குதிரையை 10 நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள். கட்டியே கிடந்தால் கால் வீங்கும்.

காலையில் சேணம் போடுமுன் இரவில் போட்ட லத்தியை எண்ணுங்கள், இரு விலாப்புறமும் காது வைத்துக் கேளுங்கள், ஈறை அழுத்தி விடுங்கள்: 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். லத்தி இல்லை, வயிற்றில் சத்தமும் இல்லை என்றால் சேணம் போடாதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.