கொரிய மருத்துவமனை ஆய்வைப் படிப்பது எப்படி? நூறு பேரை எண்ணும் முறை

ஒரு தாள், ஒரு பேனா, கைபேசியில் இருக்கும் கால்குலேட்டர். மருத்துவ ஆய்வுக் கட்டுரையைப் படிக்க முதலில் இவ்வளவு போதும். பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்வது ஹோஸ்ட்-எக்ஸாம் என்ற கொரிய ஆய்வு. 2021ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ரத்தம் உறைந்து குழாய் அடைபடாமல் தடுக்க நம் வீடுகளிலும் புழங்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்ற இரண்டு மாத்திரைகளைப் பற்றியது என்பதால் மனதில் நிற்கும்.

படி 1: ஆய்வின் வகையைப் பாருங்கள்

எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை முடிவு செய்தது யார்? மருத்துவரா, குலுக்கலா? மருத்துவர் என்றால், உடம்பு தேறியவர்கள் ஒரு பக்கமும் நலிந்தவர்கள் இன்னொரு பக்கமும் சேர்ந்திருக்கலாம். ஹோஸ்ட்-எக்ஸாமில் குலுக்கல்தான். கொரியாவின் 37 மருத்துவமனைகளில் 5,438 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆஸ்பிரின், மறு பாதிக்கு குளோபிடோக்ரெல் கொடுத்து 2 ஆண்டுகள் கவனித்தார்கள். ஆனால் யாருக்கு எந்த மாத்திரை என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. இதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: யாரைச் சேர்த்தார்கள்?

இதய ரத்தக்குழாயில் மருந்து பூசிய ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து, ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டு, 6 முதல் 18 மாதம் வரை எந்தச் சிக்கலும் இல்லாமல் கடந்தவர்களை மட்டும். போன வாரம் ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்த முடிவு பொருந்தாது. பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

படி 3: எதை எண்ணினார்கள்?

மரணம், மாரடைப்பு, பக்கவாதம், நெஞ்சுவலியோடு மீண்டும் மருத்துவமனையில் சேருவது, பெரிய ரத்தக்கசிவு. இந்த ஐந்தில் எது நடந்தாலும் ஒரே கணக்கில் சேர்த்தார்கள். இப்படி மொத்தமாகக் கட்டிய மூட்டையைப் பார்த்தால் பிரித்துப் பார்க்காமல் விடாதீர்கள். படி 5ல் பிரிப்போம்.

படி 4: நூறு பேராக மாற்றுங்கள்

ஆஸ்பிரின் பக்கம் 7.7 சதவீதம், குளோபிடோக்ரெல் பக்கம் 5.7 சதவீதம். செய்தியில் இது "ஆபத்து 27 சதவீதம் குறைந்தது" என்று வரும். அது பொய்யில்லை. ஆனால் நம் தாளில் எழுதவேண்டியது வேறு: ஆஸ்பிரின் சாப்பிட்ட 100 பேரில் 2 ஆண்டுகளில் ஏறக்குறைய 8 பேருக்குச் சிக்கல் வந்தது, குளோபிடோக்ரெலில் ஏறக்குறைய 6 பேருக்கு. வித்தியாசம் 2 பேர். அதாவது 50 பேர் மாத்திரையை மாற்றினால் ஒருவர் தப்புகிறார். இந்தச் சின்ன எண்ணிக்கை நல்ல பலன்தான். ஆனால் 27 என்ற எண் மனதில் எழுப்பும் படம் வேறு, இது வேறு.

படி 5: மூட்டையைப் பிரியுங்கள்

பெரிய ரத்தக்கசிவு ஆஸ்பிரினில் 2.0 சதவீதம், குளோபிடோக்ரெலில் 1.2. பக்கவாதமும் குறைவு. சரி, மரணம்? அங்கே திசை மாறுகிறது: குளோபிடோக்ரெலில் 1.9, ஆஸ்பிரினில் 1.3. பதற வேண்டாம். பக்கத்தில் 0.93 – 2.19 என்று ஒரு இடைவெளி அச்சாகியிருக்கும். ஆஸ்பிரினோடு ஒப்பிட்டால் குளோபிடோக்ரெலில் மரண ஆபத்து எத்தனை மடங்கு என்பதற்கான உத்தேச எல்லை அது. அதற்குள் 1 இருந்தால் வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று பொருள். 1 என்றால் இரு பக்கமும் சமம். ஆகவே மரணத்தைப் பொறுத்தவரை எந்த மாத்திரை மேல் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. கட்டுரையின் சுருக்கத்தோடு நிறுத்தாமல் அட்டவணை வரை போகச் சொல்வது இதற்காகத்தான். (இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை மாற்றாதீர்கள். தாளை எடுத்துப் போய் உங்கள் இதய மருத்துவரிடம் பேசுங்கள்.)

படி 6: பிழைப்பு விகிதத்தைக் கண்டால் நில்லுங்கள்

நோய் கண்டறியப்பட்டவர்களில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகும் எத்தனை சதவீதம் பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதான் பிழைப்பு விகிதம். எனக்கு இந்தப் படிதான் மிக முக்கியம். ஒரு கற்பனைக் கணக்கு போடுங்கள். 10 பேருக்குப் புற்றுநோய், 5 ஆண்டில் 2 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 80 சதவீதம். இப்போது ஸ்கேன் செய்து, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராத சிறு கட்டி உள்ள 90 பேரையும் பட்டியலில் சேருங்கள். பிழைத்தவர்கள் 98 சதவீதம்! இறந்தவர்கள் அதே 2 பேர். ஓர் உயிர்கூடக் கூடுதலாகக் காப்பாற்றப்படவில்லை.

கொரியாவில் இது நிஜமாகவே நடந்தது. 1999ல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் கொஞ்சம் கூடுதல் பணத்துக்கு மருத்துவமனைகள் கழுத்து ஸ்கேனும் எடுத்துக் கொடுத்தன. 2011ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993ல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 40,000க்கும் மேற்பட்டவர்கள். அந்த நோயால் இறந்தவர்களோ 400க்கும் குறைவு. இறப்பு விகிதம் ஆண்டாண்டாக அசையவே இல்லை.

இங்கேயும் நூறு பேர் கணக்குதான். கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் சிகிச்சை நடந்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குச் சுரப்பியையே முழுதாக எடுத்தார்கள். அவர்கள் ஆயுள் முழுக்க ஹார்மோன் மாத்திரை சாப்பிட வேண்டும். கொரியாவில் தேசிய காப்பீடு எல்லோருக்கும் ஒன்றே என்பதால், அறுவை செய்துகொண்ட 15,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய முடிந்தது. 100 பேரில் 11 பேருக்கு, தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பி குன்றி, உடலில் கால்சியம் இறங்கும் நிலை. 2 பேருக்குக் குரல்நாண் செயலிழப்பு. எந்தத் தொந்தரவும் இல்லாமல் பரிசோதனைக்குப் போனவர் குரல் கம்மித் திரும்புவதை நினைத்துப் பாருங்கள்.

2014ல் கொரிய மருத்துவர்கள் சிலர் ஒன்றுகூடி, அறிகுறி இல்லாதவர்களுக்குக் கழுத்து ஸ்கேன் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதை எடுத்துச் சென்றன. ஒரே ஆண்டில் தைராய்டு அறுவை சிகிச்சைகள் 35 சதவீதம் குறைந்தன.