விசென்டரும் இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களும்: பதிப்புப் பொருத்தம் பார்த்து மேம்படுத்தும் முறை

ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேரின் விஸ்பியர் சூழலில், இஎஸ்எக்ஸ்ஐ ஓடும் ஒரு சர்வர், அதாவது ஹோஸ்ட், எல்லா ஹோஸ்டுகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டரில் சேர மறுத்தாலும், சேர்ந்திருந்த ஹோஸ்ட் திடீரெனத் தொடர்பறுந்து நின்றாலும், நெட்வொர்க்கையும் கடவுச்சொல்லையும்தான் பலரும் முதலில் சந்தேகிக்கிறார்கள். அவற்றைத் தொடுவதற்கு முன் பதிப்பு எண்களைப் பார்த்துவிடுவது நல்லது. அடிப்படை விதி ஒன்றுதான்: நிர்வகிக்கும் மென்பொருளின் பதிப்பு, நிர்வகிக்கப்படும் சர்வரின் பதிப்புக்குச் சமமாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும். ஒரு ஹோஸ்டைச் சேர்க்கும்போது, விசென்டர் விபிஎக்ஸ்ஏ என்ற முகவர் நிரலின் வழியாகவே அதனுடன் பேசுகிறது. புதிய விசென்டருக்குத் தனக்கு முந்தைய சில இஎஸ்எக்ஸ்ஐ பதிப்புகளுடன் பேசத் தெரியும். பழைய விசென்டருக்கோ, தனக்குப் பின் வெளியான பதிப்பைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.

முதல் வேலை, இருப்பதை இருப்பதாகக் குறித்துக்கொள்வது. இஎஸ்எக்ஸ்ஐ சர்வரின் திரையிலேயே, மேல் பகுதியில், பதிப்பும் பில்டு எண்ணும் (குறிப்பிட்ட வெளியீட்டை அடையாளம் காட்டும் எண்) தெரியும், 6.7.0 என்ற பதிப்பும் 8169922 என்ற பில்டு எண்ணும் அங்கே இருந்தால், அது 2018 ஏப்ரலில் வெளியான 6.7-இன் முதல் வெளியீடு என்றும், அதற்குப் பின் வந்த எந்தத் திருத்தமும் அதில் இல்லை என்றும் பொருள். விசென்டர் அப்ளையன்ஸின் (தயாராக அமைத்த மெய்நிகர் கணினியாக வரும் விசென்டரின்) பில்டு எண்ணை 5480 போர்ட்டில் திறக்கும் அதன் நிர்வாகப் பக்கத்தில் காணலாம். இரண்டும் தனித்தனி வரிசையில் ஓடும் எண்கள் என்பதால், ஒன்றின் பில்டு எண்ணை மற்றதனுடன் ஒப்பிட்டுப் பெரிது சிறிது பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வொன்றும் எந்த அப்டேட்டைச் சேர்ந்தது என்று வெளியீட்டுப் பட்டியலில் பார்த்து எழுதிக்கொண்டு, அந்தப் பெயர்களைத்தான் ஒப்பிட வேண்டும். அதே தாளில் பேக்கப் மென்பொருள், பவர்சிஎல்ஐ (கட்டளைகளால் நிர்வகிக்கும் கருவி), கண்காணிப்புக் கருவிகள் ஆகியவற்றின் பதிப்புகளையும் சேர்த்து எழுதுங்கள். பின்னால் அவைதான் அதிகம் தொல்லை தரும்.

அடுத்து, எந்தக் கிளையண்ட் (நிர்வாகி தன் கணினியிலிருந்து இணையப் பயன்படுத்தும் மென்பொருள்) எதனுடன் பேசும் என்பது. விண்டோஸில் நிறுவப்படும் பழைய விஸ்பியர் கிளையண்ட், இணையும் தருணத்தில் சர்வரிடமிருந்து ஒரு சிறிய எக்ஸ்எம்எல் கோப்பை வாங்கிப் படிக்கும். சர்வரின் பதிப்பு, ஏபிஐ (நிரல்கள் சர்வருடன் பேசும் இடைமுகம்) பதிப்பு, பொருத்தமான கிளையண்டைப் பதிவிறக்க வேண்டிய முகவரி ஆகியவை அதில் இருக்கும். தன்னிடம் அந்தப் பதிப்புக்கான பாகங்கள் இல்லையென்றால், அவற்றை இறக்கி நிறுவச் சொல்லும். அதனால்தான் பல ஆண்டுகள் பயன்பட்ட ஒரு நிர்வாகக் கணினியில் 4.1, 5.0, 5.1 என ஒரே கிளையண்டின் பல பதிப்புகள் அருகருகே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். அவற்றைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். பழைய ஹோஸ்ட் ஒன்று மிச்சமிருக்கும் வரை அவை தேவை.

அந்தக் கிளையண்டின் கடைசிப் பதிப்பு 6.0. இஎஸ்எக்ஸ்ஐ 6.5-உடனும் அதற்குப் பிந்தையவற்றுடனும் அது பேசாது. 6.5 முதல் தனி ஹோஸ்டுக்கு, அதனுள்ளேயே இருக்கும் ஹோஸ்ட் கிளையண்டை உலாவியில் திறந்து வேலை செய்ய வேண்டும், 6.0 அப்டேட் 2 முதலே இது உடன் வருகிறது. விசென்டருக்கு இடைக்காலத்தில் ஃபிளாஷில் இயங்கும் வெப் கிளையண்ட் இருந்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவு முடிந்து, உலாவிகளும் அதைக் கைவிட்டுவிட்டதால், விசென்டர் 6.0-இல் இன்னும் தங்கியிருப்பவர்களுக்கு விண்டோஸ் கிளையண்ட்தான் கைகொடுக்கும். எச்டிஎம்எல்5 கிளையண்டில் எல்லா வேலைகளும் செய்ய முடிந்தது 6.7 அப்டேட் 1 முதல்தான் என்பதால், 6.5-இல் சில மெனுக்கள் காணவில்லையே என்று தேடினால் அது உங்கள் பிழையல்ல.

விசென்டர் பின்னோக்கி எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதற்கும் எல்லை உண்டு. விசென்டர் 6.7, இஎஸ்எக்ஸ்ஐ 6.0 முதல் 6.7 வரை நிர்வகிக்கும். விசென்டர் 7.0-இன் எல்லை 6.5-இல் தொடங்குகிறது, விசென்டர் 8.0-இன் எல்லை 6.7-இல் தொடங்குகிறது. ஆகவே விசென்டர் 6.5-இன் கீழ் 6.0 ஹோஸ்டுகளும் 6.5 ஹோஸ்டுகளும் கலந்திருக்கும் ஒரு நிறுவனம் 8.0-க்குப் போக விரும்பினால், ஒரே தாவலில் போக முடியாது. முதலில் 6.0 ஹோஸ்டுகளை 6.5-க்கு உயர்த்த வேண்டும். பிறகு விசென்டரை 7.0 ஆக்க வேண்டும். அது ஓரிரு நாள் சீராக ஓடுவதைப் பார்த்தபின் ஹோஸ்டுகளை 7.0 ஆக்கி, அதன்பின் மீண்டும் விசென்டர், மீண்டும் ஹோஸ்டுகள் என 8.0-க்கு ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் விசென்டர் முன்னால் போகிறது என்பதைக் கவனியுங்கள். விசென்டர் விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்தால், 7.0 அப்ளையன்ஸாக மட்டுமே வருகிறது என்பதால், அந்தப் படி இடமாற்றமாகவும் ஆகிவிடும். வன்பொருள் பக்கமும் ஒரு தடை உண்டு: விஎம்கேலினக்ஸ் என்ற பழைய வகை வன்பொருள் டிரைவர்களை 7.0 ஏற்பதில்லை, நெட்வொர்க் அட்டையோ ஸ்டோரேஜ் கன்ட்ரோலரோ அவற்றை நம்பியிருந்தால் சர்வர் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். உரிம எண்ணும் பெரிய பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால், 7.0-க்கான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பெரிய எண் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பது ஆபத்து. 2015-இல் வந்த இஎஸ்எக்ஸ்ஐ 5.5 அப்டேட் 3பி, பாதுகாப்புக் காரணத்துக்காக எஸ்எஸ்எல் 3 என்ற பழைய குறியாக்க நெறிமுறையை இயல்பாகவே அணைத்துவிட்டது. விசென்டரும் 5.5, ஹோஸ்டும் 5.5, ஆனாலும் விசென்டரை அப்டேட் 3பி-க்குக் கொண்டுவராமல் ஹோஸ்டை மட்டும் புதுப்பித்தவர்களுக்கு அந்த ஹோஸ்டுகள் விசென்டரின் பிடியிலிருந்து போய்விட்டன. ஹோஸ்டிலிருந்த மெய்நிகர் கணினிகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. நிர்வாகம் மட்டும் அறுந்தது. சிறிய அப்டேட்டாக இருந்தாலும் விசென்டருக்கே முதலிடம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதே வகைச் சிக்கல் 6.7-இலும் வேறு உருவில் வந்தது. அதில் எஸ்எஸ்எல்-இன் இடத்தைப் பிடித்த டிஎல்எஸ்ஸின் 1.2 பதிப்பு மட்டுமே இயல்பாகத் திறந்திருக்கும். விசென்டரும் ஹோஸ்டும் தங்களுக்குள் நன்றாகப் பேசிக்கொள்ளும். ஆனால் டிஎல்எஸ் 1.0-ஐ மட்டும் அறிந்த பழைய டாட்நெட்டின் (மைக்ரோசாஃப்டின் நிரல் தளம்) மேல் ஓடும் ஸ்கிரிப்டும் பேக்கப் மென்பொருளும் அன்றிரவே தோற்றுப்போகும். பேக்கப் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் புதிய விசென்டர் பதிப்பு பெயரோடு இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்த பிறகே மேம்படுத்தலுக்கு நாள் குறிக்க வேண்டும்.

வெளியான தேதியும் முக்கியம். 6.5 அப்டேட் 2, 6.7-இன் முதல் வெளியீட்டுக்குப் பின்னால் வந்தது, அதனால் 6.5 அப்டேட் 2-இலிருந்து அந்த 6.7-க்கு மேம்படுத்த ஆதரவில்லை, 6.7 அப்டேட் 1-க்குத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட தடைகளை நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது. விஎம்வேர் இப்போது பிராட்காமின் கையில் இருந்தாலும், தயாரிப்புகளின் பொருத்தத்தைக் காட்டும் அட்டவணையும் மேம்படுத்தும் பாதையைக் காட்டும் அட்டவணையும் இணையத்தில் தொடர்ந்து கிடைக்கின்றன. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

எல்லா ஹோஸ்டுகளும் புதிய பதிப்புக்கு வந்த பிறகுதான் மெய்நிகர் கணினிக்குள் நிறுவப்படும் விஎம்வேர் டூல்ஸையும், அதற்கும் பிறகே மெய்நிகர் கணினியின் வன்பொருள் பதிப்பையும் தொட வேண்டும். வன்பொருள் பதிப்பு 13 என்பது 6.5-க்கு உரியது, 17 என்பது 7.0-க்கும் 20 என்பது 8.0-க்கும் உரியவை. 13-க்கு உயர்த்திய மெய்நிகர் கணினி 6.0 ஹோஸ்டில் இயங்காது. ஒரு ஹோஸ்ட் பழுதாகி, மிச்சமிருப்பது பழைய ஹோஸ்ட் மட்டுமே என்ற இரவில்தான் அது தெரியவரும். புதிய வசதி எதுவும் தேவைப்படாவிட்டால், கிளஸ்டரில் (ஹோஸ்டுகளின் குழுவில்) உள்ள மிகப் பழைய ஹோஸ்டுக்கு ஏற்ற எண்ணிலேயே விட்டுவைக்கலாம். விஎம்எஃப்எஸ் 6 என்ற கோப்பு முறையில் அமைந்த டேட்டாஸ்டோரும் (மெய்நிகர் கணினிகளின் சேமிப்பிடம்) அப்படியே: 6.5-க்கு முந்தைய ஹோஸ்டால் அதைப் படிக்க முடியாது.

உயர்த்த முடியாத பழைய ஹோஸ்ட் ஒன்று தங்கிவிட்டால், அதற்குரிய விண்டோஸ் கிளையண்டை ஒரு தனிக் கணினியில் நிறுவி, நிர்வாக நெட்வொர்க்குக்குள் மட்டும் அடைத்து வையுங்கள். அந்தக் கணினி, அது நிர்வகிக்கும் ஹோஸ்டின் மேலேயே ஓடும் மெய்நிகர் கணினியாக இருக்கக் கூடாது. கிளையண்டின் நிறுவல் கோப்பையும் வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பழைய ஹோஸ்ட் சுட்டும் பதிவிறக்க முகவரி இன்றும் வேலை செய்யும் என்பதற்கு உறுதியில்லை.