சிறு விமானத்தில் பெட்ரோல் கணக்கு: குச்சி, கடிகாரம், ஊசி

செஸ்னா 172 மாதிரி விமானங்களில் டாங்குக்குள் ஒரு மிதவை கிடக்கும். அதன் கை ஏறி இறங்க, ஒரு மின்தடை மாறும். அதைத்தான் விமானி முன்னால் இருக்கும் பெட்ரோல் மானியின் ஊசி காட்டுகிறது. இறக்கை சாய்ந்தால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், ஊசியும் கூடவே ஓடும். ஆகவே நேராகப் பறக்கும்போது மட்டும் பாருங்கள். ஊசி துள்ளினால் தேய்ந்த மின்தடையையும் தளர்ந்த எர்த் ஒயரையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

172-இன் ஒரு வகையான 172எஸ்-இல் இறக்கைக்கு ஒன்றாக உள்ள டாங்குகள் இரண்டும் சேர்ந்து 212 லிட்டர் பிடிக்கும். எஞ்சினுக்கு எட்டுவது சுமார் 200தான். மிச்சம் அடியில் தங்கும். டாங்குக்குள் விட்டு அளக்கும் அளவுக்குச்சி செய்யும்போது பலர் கோட்டை விடுவது இங்கேதான். விமானத்தைச் சமதளத்தில் நிறுத்தி, எர்த் கொடுத்து, டாங்கைச் சுத்தமாக வடியுங்கள். முதலில், எஞ்சினுக்கு எட்டாமல் அடியில் தங்கும் அந்தப் பங்கை, பக்கத்துக்கு 5.7 லிட்டர், ஊற்றுங்கள். குச்சி நனைந்தால் அந்த இடம்தான் பூஜ்யம். பிறகு பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒரு நிமிஷம் அடங்க விட்டு, ஒரே இடத்தில் செங்குத்தாக விட்டெடுத்து, நனைந்த விளிம்பில் கத்தியால் வெட்டுப் போடுங்கள். மையால் எழுதினால் பெட்ரோலில் கரைந்துவிடும். இடது, வலது தனித்தனி. அடுத்த விமானத்துக்கு இந்தக் குச்சி ஆகாது.

எவ்வளவு குடிக்கிறது என்று அறிய, கழுத்துவரை நிரப்பிப் பறந்து, திரும்பவும் அதே இடத்தில் அதே கோட்டுக்கு நிரப்பி, ஊற்றிய லிட்டரை எஞ்சின் ஓடிய மணிக்கணக்கால் வகுக்க வேண்டும். ஒரு தடவை போதாது, ஐந்தாறு தடவையாவது வேண்டும். ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி இறங்கிப் பழகிய நாளையும் தூரம் போன நாளையும் கலக்காதீர்கள். சித்திரை வெயிலில் காலையில் விளிம்புவரை நிரப்பி நிறுத்தினால், மதியத்துக்குள் விரிந்து இரண்டு மூன்று லிட்டர் வழிந்துவிடும். அதைச் செலவில் சேர்த்தால் கணக்கு பொய்.

மணிக்கு 34 லிட்டர் என்று வந்தது என்று வையுங்கள். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து திருவனந்தபுரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 66 கடல் மைல். 105 நாட் (மணிக்கு 105 கடல் மைல்) வேகத்தில் 38 நிமிஷம், சுமார் 21 லிட்டர். ஆனி, ஆடியில் 25 நாட் மேற்குக் காற்று எதிர்த்தால் 50 நிமிஷம், 28 லிட்டர்! மலை தாண்ட ஏறுவதற்கும், தரையில் ஓடுவதற்கும் தனியே சேருங்கள். இறங்கும்போது 45 நிமிஷத்துக்குக் குறையாமல், அதாவது 26 லிட்டராவது, மிஞ்ச வேண்டும்.

குச்சியும் கடிகாரமும் சொல்வதைவிட ஊசி கூடுதலாகக் காட்டினால் தள்ளிவிடுங்கள். குறைவாகக் காட்டினால் அதை நம்பி, பக்கத்து ஓடுதளத்தில் இறங்கிப் பாருங்கள். மூடி சரியாக உட்காராவிட்டால், இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வெளியேறும். இறங்கியதும் மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கசிந்திருந்தால், விமானப் பெட்ரோலின் நீலக் கறை இறக்கை மேல் படிந்திருக்கும்.

கடைசியாக, டாங்குக்குள் வெளிக்காற்றை விடும் காற்றுக்குழாய். சில நாள் சும்மா நின்ற விமானத்தில் குளவி மண் கூடு கட்டிவிடும். அடைத்துக்கொண்டால் டாங்கில் பெட்ரோல் இருந்தும் எஞ்சினுக்கு வராது. ஊசி மட்டும் நிறையவே காட்டிக்கொண்டிருக்கும்.