'முழுக்க வீட்டிலிருந்தே வேலை' என்று ரெக்ரூட்டர் சொன்னால் என்ன செய்வது?

ரெக்ரூட்டர், அதாவது கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுப்பவர், போனில் கொடுக்கும் வாக்கை மட்டும் நம்பி, இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். என்னிடம் பேசியவர் "முழுக்க வொர்க் ஃப்ரம் ஹோம்தான், கவலையே வேண்டாம்" என்றார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மேனேஜர், வாரம் மூன்று நாள் ஆபீஸ் வந்தாக வேண்டும், எல்லாருக்கும் அதுதான் விதி என்றார். படுக்கையில் இருக்கும் அப்பாவைப் பக்கத்திலிருந்து கவனிப்பதற்காகவே அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தேன்.

முதலில், பேசுவது கம்பெனியின் சொந்த ஹெச்.ஆரா, வெளி ஏஜென்சியா என்று கேளுங்கள். ஏஜென்சிக்குப் பெரும்பாலும் நீங்கள் சேர்ந்தால்தான் பணம். எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்றில்லை. பல நேரம் அந்த டீமில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. ஆகவே, இன்டர்வியூவில் உங்கள் மேனேஜராக வரப்போகிறவரிடமே கேட்டுவிடுங்கள். "ரிமோட் உண்டா?" என்றால் "உண்டு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். டீமில் எத்தனை பேர் வெளியூரில் இருந்துகொண்டே வேலை செய்கிறார்கள்? போன மாதம் எத்தனை நாள் ஆபீஸ் வந்தார்கள்? புரொபேஷன் காலத்திலும் இதேதானா? இப்படிக் கேட்டால் நழுவ முடியாது.

அடுத்தது ஆஃபர் லெட்டர். சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் பணியிடம் என்ற பகுதியைப் படியுங்கள். அங்கே ஆபீஸ் முகவரி மட்டும் இருந்தால், போனில் என்ன பேசியிருந்தாலும் உங்கள் வேலை அங்கேதான். "நிறுவனத்தின் தேவைக்கேற்ப மாற்றப்படலாம்", "இதற்கு முன் பேசிய எதுவும் இந்த ஒப்பந்தத்தில் சேராது" போன்ற வரிகளையும் தேடுங்கள், போனில் கொடுத்த வாக்கை இல்லாமல் செய்ய அவை போதும். "கம்பெனி பாலிசிப்படி ரிமோட்" என்று எழுதியிருந்தால் போதாது, பாலிசியை அவர்கள் நினைத்தபோது மாற்றலாம். 2025 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு ஐந்து நாளும் ஆபீஸ் என்று அமேசான் 2024 செப்டம்பரில் அறிவித்ததே, அதுவரை அங்கே பொதுவாக மூன்று நாள்தான்.

லெட்டரில் இல்லையென்றால் இப்படி ஒரு மெயில் போடுங்கள்: "நாம் பேசியபடி என் பணியிடம் என் வீடு என்றும், அதை மாற்றுவதானால் என் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்றும் ஆஃபர் லெட்டரில் சேர்த்து அனுப்புங்கள்." "அதெல்லாம் ஃபார்மாலிட்டிதான், சேருங்கள் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். திருத்திய லெட்டர் கைக்கு வரும்வரை ரிசைன் செய்ய வேண்டாம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? ரெக்ரூட்டரின் மெயில், வாட்ஸ்அப் செய்தி, வேலை விளம்பரம் எல்லாவற்றையும் உங்கள் சொந்தக் கணக்கில் சேமியுங்கள். விளம்பரம் திடீரென்று காணாமல் போகும். அப்புறம் மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் சேர்த்து ஒரே மெயில் அனுப்புங்கள். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார், உங்களுக்கு இப்போது என்ன வேண்டும், அவ்வளவுதான். விதிவிலக்கு கிடைக்காவிட்டால் சில மாத அவகாசமாவது கேளுங்கள். எனக்கு அது கிடைத்தது, வேறு வேலை தேட உதவியது. வெளியேறும் முன் நோட்டீஸ் பீரியடையும், சேர்ந்தபோது வாங்கிய போனஸைத் திருப்பித் தர வேண்டுமா என்பதையும் பாருங்கள். பொய்யான வாக்கால் பணம் இழந்திருந்தால், தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலிடம் அந்த மெயில்களோடு போங்கள்.