இரு விகிதங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு முழுமைத்தொகுதிகளின் (ஆய்வுக்குரிய மொத்தக் கூட்டங்களின்) விகிதங்கள் வேறுபடுகின்றனவா என்று மாதிரிகளைக் கொண்டு சோதிக்கும் இசட் சோதனையில், பெரும்பாலான தவறுகள் சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே நேர்ந்துவிடுகின்றன. அமெரிக்காவில் 1954-இல் ஜோனாஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசிக்கு நடந்த களச்சோதனை இதற்கு நல்ல பாடம். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட குழந்தைகளில், தடுப்பூசி பெற்ற 2,00,745 பேரில் 57 பேருக்கும், மருந்தில்லாத போலி ஊசி பெற்ற 2,01,229 பேரில் 142 பேருக்கும் போலியோ கண்டது. அதாவது லட்சத்துக்கு 28-உம் 71-உம்.

மிகப் பெரிய தவறு, ஒப்பிடத் தகாத குழுவோடு ஒப்பிடுவது. பெற்றோர் ஒப்புதல் தராத குழந்தைகளும் அங்கே இருந்தார்கள். அவர்களிடையே நோய் லட்சத்துக்குச் சுமார் 46 மட்டுமே. ஒப்புதல் தந்தவர்களில் வசதியான குடும்பத்தினர் அதிகம். சுகாதாரம் குறைந்த சூழலில் வளரும் குழந்தைகள் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் தீருமுன்பே லேசான தொற்றுக்கு ஆளாகித் தற்காப்பு பெற்றுவிட, வசதியான வீட்டுக் குழந்தைகளையே போலியோ அதிகம் தாக்கியது. மறுத்தவர்களோடு ஒப்பிட்டிருந்தால் தடுப்பூசியின் பயன் பாதிக்கும் கீழாகத் தெரிந்திருக்கும். மாதிரியை எவ்வளவு பெருக்கினாலும் இந்தச் சாய்வு நீங்காது.

மாதிரி பெரிது என்பதால் மட்டும், இச்சோதனைக்கு அடிப்படையான மணி வடிவ இயல்நிலைப் பரவலைப் பயன்படுத்திவிட முடியாது; பார்க்க வேண்டியது நோய் கண்டவர்களின் எண்ணிக்கையை. குழுவுக்கு 2,000 பேரோடு இச்சோதனை நடந்திருந்தால் இருபுறமும் ஓரிருவருக்கே நோய் கண்டிருக்கும். அப்போது இன்மைக் கருதுகோளை (இரு விகிதங்களுக்கும் வேறுபாடில்லை என்ற எடுகோளை) மறுக்க முடியாமல் போவதை "தடுப்பூசியால் பயனில்லை" என்று படிப்பது தவறு; சான்று போதவில்லை என்பதே அதன் பொருள்.

திட்டப்பிழையிலும் (விகித வேறுபாடு மாதிரிக்கு மாதிரி எவ்வளவு மாறும் என்பதன் அளவு) குழப்பம் உண்டு. சோதனைக்கு இரு மாதிரிகளையும் சேர்த்த பொது விகிதத்தை (199/4,01,974) எடுக்க வேண்டும்; இங்கே இசட் மதிப்பு, அதாவது வேறுபாடு திட்டப்பிழையைப்போல் எத்தனை மடங்கு என்பது, ஏறத்தாழ 6. உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய எல்லையைக் காட்டும் நம்பிக்கை இடைவெளிக்கு விகிதங்களைத் தனித்தனியே வைத்துக் கணக்கிட வேண்டும். 95 சதவீத இடைவெளி, லட்சத்துக்கு 28 முதல் 56 வரை குறைவு. பி-மதிப்பை (வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவோ அதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் நிகழ்தகவை) மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவது, என் பார்வையில், பாதி விடைதான்.

தரவைப் பார்த்த பின், ஒரு திசை வேறுபாட்டை மட்டும் தேடும் ஒருமுனைச் சோதனைக்கு மாறுவதும் முறையன்று. ஒரே ஆட்களை இருமுறை அளந்த தரவு என்றால் இந்தச் சோதனையே பொருந்தாது. அதற்கு மெக்நிமர் சோதனை இருக்கிறது.