கம்யூனிஸ்ட் நாட்டு மாநிலத் தலைவர் ஒருத்தரோட வாழ்க்கைய படிக்கறது எப்படி

கோத்தகிரில சாயங்காலம் பசங்களுக்கு வரலாறு சொல்லித் தர்றேன், டிகிரி படிக்கிறவங்க, போட்டித் தேர்வு எழுதறவங்க எல்லாம் கலந்து வருவாங்க. சோவியத் யூனியன் பாடம் வந்தாலே லெனின், ஸ்டாலின், கோர்பசேவ்னு மேல இருந்தவங்களோடயே நின்னுடறாங்க. அந்த நாடு நிஜமா எப்படி ஓடுச்சுன்னு தெரியணும்னா ஒரு மாநிலத்த கையில வச்சிருந்த ஆள் ஒருத்தர எடுத்து முழுசா படிக்கணும். நான் எப்பவும் எடுக்கறது எட்வர்ட் ஷெவர்ட்நாட்சே, ஜார்ஜியாக்காரர் (இப்ப தனி நாடு, அப்ப சோவியத்துக்குள்ள ஒரு மாநிலம் மாதிரி), 1928ல பொறந்தவர். அவர் பொறந்த குரியா பகுதி தேயிலை விளையற மண்ணு, சோவியத்ல விளைஞ்ச தேயிலைல பெரும்பங்கு ஜார்ஜியாவுல இருந்துதான் போச்சு, அதுவும் பத்தாம நம்ம நீலகிரி தூளயும் வாங்குனாங்க. அதனால நம்ம பிள்ளைங்களுக்கு இந்த ஆள் கொஞ்சம் சீக்கிரமா புரிவாரு.

முதல்ல ஒரு நோட்டு எடுங்க, பக்கத்துக்கு நடுவுல கோடு போட்டு ஒரு பக்கம் கட்சிப் பதவி, இன்னொரு பக்கம் அரசாங்கப் பதவின்னு வருஷத்தோட எழுதுங்க. 1948ல கட்சில சேர்றாரு, 1957ல ஜார்ஜியா கொம்சொமோல்ல, அதாவது கட்சியோட இளைஞர் அமைப்புல முதல் செயலாளர், 1961ல ஒரு சின்ன மாவட்டத்துக்கு கட்சிச் செயலாளர், 1965ல போலீஸ் துறை மந்திரி, 1972ல ஜார்ஜியா கம்யூனிஸ்ட் கட்சிக்கு முதல் செயலாளர். இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, அங்க மந்திரிசபைத் தலைவர்னு தனியா ஒருத்தர் இருப்பாரு, அவர்தான் நம்மூரு முதலமைச்சர் மாதிரின்னு எழுதிட்டு வந்துடறாங்க. இல்ல. கட்சியோட முதல் செயலாளர்தான் எல்லாம், மந்திரிசபைத் தலைவர் அவருக்குக் கீழதான். ஓட்டுச்சீட்டுல ஒரே ஒரு பேருதான் இருக்கும், யாரு எந்த நாற்காலிலன்னு முடிவாகறது கட்சி வச்சிருக்கிற பட்டியல்ல, அதுக்குப் பேரு நோமென்க்ளத்துரா, மாநிலத் தலைமைன்னா மாஸ்கோ தலையாட்டணும்.

அடுத்து, அவருக்கு முன்னாடி அந்த நாற்காலில யாரு இருந்தா, எப்படி போனாருன்னு பாருங்க. இத விட்டுட்டா பாதி கதை போச்சு. வசீல் மஷவனாட்சேன்னு ஒருத்தர் 1953லேர்ந்து 19 வருஷம் இருந்தாரு, அவர் காலத்துல லஞ்சமும் கள்ளச்சந்தையும் ஊரறிஞ்ச விஷயம், அத எதிர்த்து நின்ன போலீஸ் மந்திரியே அவரோட இடத்துக்கு வந்தாரு. வந்ததும் கட்சிக்காரங்க, அதிகாரிங்கன்னு நிறைய பேர தூக்கினாரு, கைதும் பண்ணாங்க. இத வெறும் நேர்மைன்னும் எழுத முடியாது, வெறும் பதவி ஆசைன்னும் எழுத முடியாது, ரெண்டுக்கும் என்ன ஆதாரம் கிடைக்குதோ அத பக்கத்து பக்கத்துல வச்சு எழுதுங்க.

இரண்டாம் செயலாளர் யாருன்னும் ஒரு கண்ணு வைங்க. முதல் செயலாளர் பெரும்பாலும் அந்த மண்ணுக்காரர், இரண்டாம் ஆள் பெரும்பாலும் மாஸ்கோ அனுப்பற ரஷ்யர். வெளியூர்லேர்ந்து கலெக்டர் வர்ற மாதிரின்னு சொன்னா பசங்க உடனே புடிச்சுக்கறாங்க.

உற்பத்தி கணக்க அப்படியே நம்பிடாதீங்க. திட்டத்துல டன் கணக்குதான் இலக்கு, அப்ப எடை ஏறுனா போதும்னு ஆயிடுது. ஜார்ஜியாவுல மெஷின் விட்டு எலய அறுக்க ஆரம்பிச்சதும் கொழுந்தோட முத்துன எலயும் காம்பும் சேந்து வந்து தூளோட தரம் இறங்கிடுச்சு. ரெண்டு எல ஒரு கொழுந்துன்னு கிள்ளி வளந்த நமக்கு இத யாரும் விளக்க வேண்டியதில்ல, அறிக்கைல எண்ணு ஏறிட்டே போறப்பவே டம்ளர்ல டீ கெட்டுப் போயிட்டு இருந்திருக்கலாம்னு நீங்களே எழுதிடலாம்.

இப்ப முக்கியமான இடம், இதுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்க. மேல இருக்கிறவங்களுக்கும் கீழ இருக்கிற ஜனங்களுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட நாள் ஒண்ணு இவங்க எல்லாருக்கும் இருக்கும், அத தேடிப் பிடிங்க. ஷெவர்ட்நாட்சே 1976ல மாஸ்கோ மாநாட்டுல ஜார்ஜியாவுக்கு சூரியன் வடக்குலதான் உதிக்குதுன்னு பேசினவரு, வடக்குன்னா ரஷ்யா. ரெண்டே வருஷத்துல ஜார்ஜியாவோட புது அரசியல் சட்ட வரைவுல ஜார்ஜிய மொழிக்கு இருந்த ஆட்சிமொழி இடத்த எடுக்கப் பாத்தாங்க. 1978 ஏப்ரல் 14, நமக்கு சித்திரை ஒண்ணு, அன்னிக்கு ஜார்ஜியா தலைநகர் திபிலிசில ஆயிரக்கணக்கான பேரு, முக்கியமா மாணவர்கள், ருஸ்தவேலி ரோட்டுல இறங்கிட்டாங்க. இவரே கூட்டத்துக்கு முன்னாடி வந்து பேசினாரு, மாஸ்கோகிட்டயும் பேசி அந்த இடத்த திரும்ப வாங்கிக் குடுத்தாரு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்த மண்ணுல பொறந்த நமக்கு இத படிக்கறப்ப நெஞ்சு அடைக்கும், எனக்கு இப்பவும் அப்படித்தான். ஆனா அங்கயே நின்னுடாதீங்க, அதுக்கு அப்புறம் மாஸ்கோ அவர என்ன பண்ணுச்சுன்னு பாருங்க: அதே 1978 கடைசில பொலிட்பீரோவுல, அதாவது கட்சியோட உச்சக் குழுவுல, வேட்பு உறுப்பினரா (ஓட்டுரிமை இல்லாத உறுப்பினர்) எடுத்துக்கிட்டாங்க. ரத்தம் சிந்தாம கூட்டத்த அனுப்பத் தெரிஞ்ச ஆள் அவங்களுக்கும் தேவைப்பட்டாரு.

1985ல வெளியுறவு மந்திரி ஆனது, 1990 டிசம்பர்ல சர்வாதிகாரம் வருதுன்னு எச்சரிச்சு ராஜினாமா பண்ணது, 1992ல ஊர் திரும்பினது, 2003ல ஜனங்களே ஜார்ஜியா ஜனாதிபதி பதவிலேர்ந்து இறக்கினது, இதெல்லாம் நாலு வரி போதும், நம்ம கேள்வி மாநிலக் காலம்தான்.

இத முடிச்சதும் இதே நோட்டுல சீனாவோட ஷி சின்பிங்க போட்டுப் பாருங்க. 1985லேர்ந்து 2002 வரைக்கும் ஃபூஜியன், அப்புறம் செஜியாங், 2007ல ஷாங்காய், ஒண்ணுமே அவங்க குடும்பத்தோட சொந்த மாகாணமான ஷான்சி இல்ல. ஷெவர்ட்நாட்சே சொந்த மண்ண ஆண்டாரு, ஷி ஊர் ஊரா மாத்தல் வாங்கி மேல போனாரு. ஏன் இந்த வித்தியாசம்னு அடுத்த வாரம் வர்றப்ப ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க.